இடது கையின் அடி

பேரலல் கம்ப்ரஷன் எதற்கு என்று இன்று பாட்டு மிக்ஸ் செய்கிற உங்களில் ஒருவரிடம் போன மாதம் கேட்டேன். "டிரம்ஸுக்குப் பஞ்ச் குடுக்கத்தான் மேடம்" என்றார். எதற்குப் பஞ்ச் என்று கேட்டேன். சிரித்தார். திரையில் ஒரு பட்டனைக் காட்டினார். அழுத்தினால் டிரம் பெரிதாகிறது. அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான், கோபப்பட்டதற்குப் பதில் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எந்தப் பட்டனை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று இதில் இருக்காது. அதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு டிரம்மைப் பற்றி. அந்த டிரம்மில் இடது கையால் விழுந்த ஒரு சின்ன அடியைப் பற்றி. அதைக் கேட்க வைக்கலாமா கூடாதா என்று ஒரு பகல் முழுக்க நான் பட்ட பாட்டைப் பற்றி.

எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பழைய பஞ்சு கிட்டங்கியின் மாடியில் இருந்தது. ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளை நடத்தியது. பாட்டும் பிரசங்கமும் பதிவு செய்து, ஸ்பூலில் ஏற்றி அனுப்புவோம். கடல் தாண்டி இருந்த ஒரு வானொலி நிலையம் அதை சாயங்காலங்களில் ஒலிபரப்பும். சுவரெல்லாம் கயிற்றுப் பாயும் சாக்கும் ஆணி அடித்துத் தொங்கும். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தோம். அப்படியும் உப்பு லாரி சத்தம் உள்ளே வரும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் டேக் போச்சு, மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும்.

எங்களிடம் இருந்தது நாலு டிராக் டேப் ரெக்கார்டர் ஒன்று, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் எட்டு உள்ள மிக்ஸர் ஒன்று, லிமிட்டர் ஒன்று. எல்லாமே வெளிநாட்டில் யாரோ பயன்படுத்தி அலுத்து, தானமாக அனுப்பியவை. லிமிட்டர் என்பது, சத்தம் ஒரு அளவுக்கு மேல் எழுந்தால் அதன் தலையில் தட்டி உட்கார வைக்கும் பெட்டி. தலையைத் தட்டியபின் மொத்தத்தையும் மேலே தூக்கிவிடலாம். அப்போது கத்துகிறவனும் முணுமுணுக்கிறவனும் ஒரே உயரத்தில் நிற்பார்கள். இன்று நீங்கள் கம்ப்ரஷன் என்று சொல்வதன் முரட்டு அண்ணன் அது.

அந்தக் கூடத்துக்குத் தலைமை ஒலிப்பதிவாளர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆழ்வார்திருநகரிக்காரர். காலையில் நெற்றியில் நாமத்தோடு வந்து உட்கார்ந்து சாயங்காலம் வரை இயேசு பாட்டுகளை மிக்ஸ் செய்வார். சார் என்றுதான் கூப்பிடுவோம். என்னை வேலைக்கு எடுத்ததே அவர்தான். நாசரேத்திலிருந்து பௌதிகம் படித்த ஒருத்தி மெஷின் அறைக்கு வருகிறாள் என்றதும் அறக்கட்டளையில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். "காது இருக்கா இல்லையான்னு பாருங்க, கம்மல் இருக்கான்னு பாக்காதீங்க" என்றாராம் சார். அந்த ஒரு வரிக்காக அவருடைய கத்தல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் என்று சொல்ல முடியாது. திருப்பிக் கத்தியும் இருக்கிறேன்.

அவரிடம் இரண்டு சட்டங்கள். லிமிட்டர் வழியாகப் போகாத டிரம் இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. டிரான்சிஸ்டரில் கேட்டுப் பார்க்காத பாட்டும் போகக் கூடாது.

டிரான்சிஸ்டர் விஷயத்தை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே உறைக்க வைத்தார். நான் முதன்முதலாகத் தனியாக மிக்ஸ் செய்த பாட்டு. பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் எனக்கே புல்லரிக்கும். அவர் ஒன்றும் பேசாமல் அதை ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஸ்பீக்கருக்குக் கொடுத்தார். டிரான்சிஸ்டரை மாடிப்படியில் வைத்தார். தெருக்கதவைத் திறந்துவிட்டார். லாரி, சைக்கிள் மணி, கருவாடு விற்கிறவளின் குரல் எல்லாம் மேலே ஏறி வந்தன.

"உன் பேஸ் எங்கம்மா?"

கேட்கவில்லை.

"உன் கிடார்?"

அதுவும் இல்லை.

"வீட்டுல கேக்கிறவன் மீன் அறுத்துக்கிட்டே கேப்பான். பிள்ளை அழும். பக்கத்து வீட்டுக்காரி சண்டை போடுவா. அங்கன அவனுக்குக் கேக்கலேன்னா நீ போடலேன்னு அர்த்தம். போ, மறுபடி செய்."

இதை எழுதி உங்கள் மேஜையில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் நல்லது.

இப்போது மிக்கேலுக்கு வருகிறேன். மிக்கேல் கடற்கரைத் தெருக்காரன். மீன் பிடிக்கிறவன், மாதா கோயில் பேண்டு செட்டில் சைடு டிரமும் அடிப்பான். அவன் அப்பாவும் அதே செட்டில் அதே டிரம்தான். எங்கள் பதிவுகளுக்கு டிரம் வேண்டும் என்றால் அவனுக்குத்தான் ஆள் அனுப்புவோம். நல்ல வாய்க்காரன். என்னை டீச்சர் என்பான். நான் ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. நாசரேத்துக்காரி, கண்ணாடி வேறு போட்டிருக்கிறாள் என்றால் அவனுக்கு டீச்சர்தான். "டீச்சர், உங்க சாரைப் பாருங்க. நாமத்தையும் போட்டுக்கிட்டு அல்லேலூயாவுக்கும் சத்தம் வைக்காரு. மோட்சத்துல எந்த வாசல்ல போனாலும் அவருக்குச் சீட்டு இருக்கு" என்பான். சார் காதில் விழும்படியே சொல்வான். சார் முறைப்பார். முறைப்பில் சிரிப்பு தெரியும்.

அந்த வருடம் சங்கு குளிக்கிற பருவத்தில் அவன் தம்பி சூசை வள்ளத்தில் போனான். கடலில் குதித்தவன் மேலே வரவில்லை. கூடப் போனவர்கள் மூச்சு முட்டும் வரை திரும்பத் திரும்பக் குதித்துத் தேடினார்கள். அன்றைக்கு நீவாடு பலமாக இழுத்ததாம். அடியில் ஓடும் நீரோட்டத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். உடல் கிடைக்கவில்லை. அடுத்த நாளும் கிடைக்கவில்லை. பிறகு தேடுவதையும் விட்டுவிட்டார்கள்.

மிக்கேல் கொஞ்ச நாள் எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு கோயில் பாடகர் குழுவோடு வந்தான். கடலில் இறந்தவர்களுக்காக அவர்கள் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்கள். ஆர்மோனியம், எட்டுப் பத்து குரல், டிரம். அவன் டிரம்மைத் தரையில் வைத்து, அடித்தோலில் உரசும் கம்பிகளைத் தளர்த்தி, மேல்தோலில் ஒரு கறுப்புத் துணியை விரித்துக்கொண்டிருந்தான். கம்பி தளர்ந்தால் டிரம்மின் சலசலப்பு போய்விடும். மொத்தென்று கேட்கும்.

"என்ன மிக்கேல், டிரம்முக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். எப்போதும் உடனே திருப்பிக் கொடுப்பவன். அன்று கொடுக்கவில்லை. பாடகர்கள் தண்ணீர் குடிக்கப் போகும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினான்.

"டீச்சர், இது அடக்க அடி. பெட்டியைத் தூக்கிட்டுக் கல்லறைக்குப் போகையில அடிக்கிறது. பெட்டி இல்லாம எங்க செட்டுல இதை அடிக்கக் கூடாது. சூசைக்கு அடிக்க முடியல. தெருவுல நான் ஒத்தையா அடிச்சாலும், பெட்டி எங்கலேன்னு கேப்பானுவ. இங்கன அடிச்சா யாரு கேக்கப் போறா?"

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத்தான் டீச்சர் அடிக்கேன்." குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான். "அவ இன்னும் அவன் டம்ளரைத் தினமும் கழுவிக் கவுத்து வைக்கா. ஒரு பய அதுல தண்ணி குடிக்க முடியாது. அவனுக்குப் பூசை வைக்க விடமாட்டேங்கா. கோயில் சாமியார் வந்து பேசிப் பாத்தாரு. அவரையே எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டா. நான் சொன்னா, ஏம்லே, தம்பியைக் கொன்னு போடணும்னு உனக்கு என்ன அவசரம்ங்கா. ராத்திரி கதவுக்குத் தாப்பா போட மாட்டேங்கா. யாரு சொன்னாலும் கேக்க மாட்டா. இந்த அடி சொன்னாக் கேப்பா. எங்கப்பாவுக்குச் சோறு போட்டவல்லா. இது என்ன அடின்னு அவளுக்கு விளக்க வேண்டாம். ரேடியோவுல வரும்லா?"

"வரும்."

"அந்த இடது கை கேக்கணும் டீச்சர்."

எனக்குப் புரியவில்லை. அவன் மெதுவாகத் தொடையில் தட்டிக் காட்டினான். வலது கையால் பலமாக ஒன்று. அதற்குப் பின்னால் இடது கையால், தொட்டும் தொடாமல் ஒன்று.

"வலது கை தூக்கிட்டுப் போறவனுவளுக்கு. இடது கை உள்ள கிடக்கிறவனுக்கு. எங்கப்பா அப்படித்தான் சொல்லுவாரு."

பதிவு தொடங்குவதற்கு முன் இன்னொன்றும் சொன்னான். "ஒரு தடவைதான் அடிப்பேன். கப்பல் ஊதினாலும் சரி, யாரும் தப்பாப் பாடினாலும் சரி. செத்தவனுக்கு ரெண்டு அடக்கம் கிடையாது."

ஒரு தடவைதான் அடித்தான். கப்பல் ஊதவில்லை. டிரம்மைத் தனியாக ஒரு டிராக்கில் எடுத்தேன். முடிந்ததும் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். எப்போதும் ஹெட்போனைப் பிடுங்கி, "எங்க, நம்ம வேலையைக் கேப்போம்" என்பவன், டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாரேன் டீச்சர்" என்று படி இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் மிக்ஸிங். சாயங்கால ரயிலில் மெட்ராஸ் போகும் ஒருவரிடம் ஸ்பூலைக் கொடுத்தாக வேண்டும், அங்கிருந்துதான் அது கடல் தாண்டும். இந்தப் பாட்டு அதில் இல்லை என்றால் அடுத்த ஸ்பூல் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. சார் அன்று பிரசங்கங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பாட்டை என்னிடம் விட்டுவிட்டார்.

பெரிய ஸ்பீக்கரில் எல்லாம் நன்றாக இருந்தது. வலது கையும் இடது கையும் அவன் அடித்தபடியே கேட்டன. டிரான்சிஸ்டருக்குக் கொடுத்தேன். இடது கை இல்லை. பாடகர்கள் வாயைத் திறந்ததும் அது காணாமல் போய்விட்டது. பலமான அடி மட்டும் ஒன்று, பிறகு ஒரு பள்ளம், மறுபடி ஒன்று. பூட்டின வீட்டுக் கதவை எவனோ தட்டுவது போல இருந்தது. டிரம்மின் ஃபேடரைத் தூக்கினேன். இடது கை லேசாக எட்டிப் பார்த்தது. ஆனால் வலது கை ஒவ்வொரு அடிக்கும் பாடகர்களை மிதித்தது. மீட்டர் முள் சிவப்பில் போய் முட்டியது. அப்படியே அனுப்பினால் அந்த நிலையத்தில் யாராவது டிரம்மை மொத்தமாகக் குறைத்துவிடுவார்கள்.

"எதுக்கும்மா திணறுத? லிமிட்டர்ல போடு" என்றார் சார், திரும்பிப் பார்க்காமலே.

போட்டேன். பெட்டியை நன்றாக இறுக்கினேன். வலது கை தலை குனிந்தது. இடது கை எழுந்து வந்து அதன் பக்கத்தில் நின்றது. டிரான்சிஸ்டரில் ஒவ்வொரு சின்ன அடியும் தெளிவாகக் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது தெரசாக்கா டீ கொண்டு வந்தாள். எங்கள் கூடத்தைப் பெருக்கி, டீ வாங்கி வருகிறவள். அவளும் கடற்கரைத் தெருதான். தட்டோடு வாசலில் நின்றவளின் கால் தாளம் போட்டது.

"என்ன டீச்சர், சப்பரம் கிளம்பிட்டா? திருவிழாவுக்கு இன்னும் நாள் கிடக்கே!"

சிரித்துக்கொண்டே டீயை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது சரி. அந்த ஊர்த் திருவிழாவில் மாதா சப்பரம் தெருத்தெருவாகப் போவதை நான் தங்கியிருந்த விடுதி மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். சப்பரத்தைத் தோளில் சுமக்கிறவர்களும் சவப்பெட்டியைத் தோளில் சுமக்கிறவர்களும் நடக்கிற நடை ஒன்றுதான். பாரம் அப்படித்தான் நடக்க வைக்கும். அதனால் அடியும் ஒன்றுதான். சப்பரத்துக்கு இரண்டு கையும் ஒரே பலத்தில் விழும். அடக்கத்துக்கு இடது கை தளர்ந்து விழும். வேறு வித்தியாசம் கிடையாது. நான் லிமிட்டரை வைத்து இரண்டு கையையும் ஒரே பலமாக்கிவிட்டேன். மகனைக் கடலில் விட்டவள் ரேடியோவைத் திறந்தால், அவனுக்காக அவன் அண்ணன் திருவிழா அடி அடிப்பான்.

சாரிடம் போய்ச் சொன்னேன். மிக்கேல் சொன்னது, அவன் அம்மா, டம்ளர், எல்லாம் சொன்னேன். பிளேடைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"டிரம்மை ரொம்பக் கீழ இறக்கிடு. பாட்டு மட்டும் போகட்டும். பாட்டு நல்லாத்தான இருக்கு?"

"அவன் பாட்டுக்கு அடிக்கலை சார்."

"அவன் எதுக்கோ அடிச்சான். நீ எதுக்கும்மா நடுவுல? ஒரு தாய்கிட்டப் போய் உன் பிள்ளை செத்துட்டான்னு சொல்றது பாதிரியார் வேலை. அவரையே அந்தம்மா வெளிய அனுப்பிட்டாங்கிற. டேப்பை வச்சு நீ சொல்லப் போறியா? மீன் அறுத்துக்கிட்டு இருக்கிறவ கையில வந்து விழும் அது. யோசிச்சியா?"

"அவன் அடிச்சதைத்தான் நான் அனுப்பணும். அடிக்காத சப்பரத்தை அனுப்ப முடியாது. அடிச்ச இடது கையைப் புதைக்கவும் முடியாது."

"அப்ப லிமிட்டர் இல்லாமப் போகுமா? நடக்காது."

"அது எனக்கும் தெரியும்!"

கத்திவிட்டேன். அவரும் கத்தினார். இரண்டு பேரும் அவரவர் மெஷினுக்குத் திரும்பினோம்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மிக்கேலைக் கேட்டுவிடலாம் என்றால் அவன் விடியுமுன் கடலுக்குப் போயிருந்தான். மறுபடி அடிக்கச் சொல்ல முடியாது. ரயிலுக்கு நேரம் நெருங்குகிறது. அந்த மாதிரி நேரத்தில் கை எதையாவது திருகிக்கொண்டே இருக்கும். திருகத் திருகக் காது செத்துப் போகும். நான் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எது வேண்டும் என்று மட்டும் யோசித்தேன். வலது கை அவன் அடித்தபடி பலமாக இருக்க வேண்டும். இடது கை அதைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும், ஆனால் மீன் அறுக்கிற வீட்டில் கேட்க வேண்டும். ஒன்று லிமிட்டரில் போகாத கச்சா டிரம்மில் இருக்கிறது. இன்னொன்று இறுக்கின டிரம்மில் இருக்கிறது.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வசதியாக, டிராக்கிலிருந்து வந்த வயரைப் பிரித்து, ஒன்றை நேராக ஒரு ஃபேடருக்கும் மற்றதை லிமிட்டர் வழியாக இன்னொரு ஃபேடருக்கும் கொடுத்தேன். அதுவரை எங்கள் கூடத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. ஒரு சத்தத்துக்கு இரண்டு ஃபேடர் எதற்கு? கச்சாவை இறக்கிக்கொண்டே இறுக்கினதை ஏற்றினேன். பாதி வழியில், இரண்டும் சேர்ந்து நிற்கிற இடத்தில், டிரம் செத்தது. ஓட்டை டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் மிச்சம். இரண்டைக் கூட்டினால் ஒன்றும் இல்லாமல் போகிறது. எனக்கு அழுகை வந்தது. ஃபேடர்களைக் கீழே இழுத்துவிட்டேன்.

"இழுக்காத."

சார் எழுந்து என் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொருக்க ரெண்டையும் ஏத்து."

ஏற்றினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே அடிதான்மா. லிமிட்டர்ல போனது தலைகீழா வருது. இது மேல போறப்ப அது கீழ போகுது. அதான் ஒண்ணை ஒண்ணு தின்னுது. அந்தப் பெட்டிக்குப் பின்னால ரெண்டு வயரையும் இடம் மாத்திப் போடு."

இதை வேண்டாம் என்று கத்திய மனிதர்தான் அதைச் சொன்னார். பற்றவைக்கிற சோல்டரிங் அயனையும் அவரே எடுத்து நீட்டினார்.

மாற்றிப் போட்டேன். கச்சா டிரம்மை அதன் இடத்தில் வைத்தேன். இறுக்கின டிரம்மை அடியிலிருந்து மெதுவாக ஏற்றினேன். வலது கை அசையவில்லை, அது ஏற்கெனவே பலமாக நின்றது. இடது கை மட்டும் தரையிலிருந்து எழுந்து வந்தது. சப்பரம் ஆவதற்கு முன்னால் நிறுத்தினேன். நீங்கள் பேரலல் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கலந்தது தெரியக் கூடாது. எடுத்துவிட்டால் இல்லாதது தெரிய வேண்டும். அந்த அளவு ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு. எந்தப் பட்டனிலும் அது இல்லை.

டிரான்சிஸ்டரை மாடிப்படியில் வைத்துக் கதவைத் திறந்தோம். தெரசாக்கா டீ கிளாஸ் எடுக்கப் படியேறி வந்துகொண்டிருந்தாள். பாதிப் படியில் நின்றாள். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கிளாஸை எடுக்காமலே இறங்கிப் போனாள்.

சார் டிரான்சிஸ்டரை அணைத்தார். "அனுப்பு" என்றார். "ஆனா நான் சொன்னது சொன்னதுதான். அது போய் விழுற இடத்தை நீ பாக்கணும். ரேடியோவுல போறதால நமக்கு அது தெரியாதுன்னு இருந்துடாத."

அதனால்தான் மிக்கேல் தன் வீட்டுக்குக் கூப்பிட்டபோது போனேன்.

ஒலிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடலைப் பார்த்த ஓட்டு வீடு. அவன் அம்மா அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். சார் சொன்னபடியே அமைந்துவிட்டது.

"வாளா. நீதான் அந்த நாசரேத்துப் பிள்ளையா? என்னளா இப்படி இருக்க, அங்கன சோறு பொங்க மாட்டாங்களா? மத்தவன் வரட்டும், நல்ல மீனாக் கொண்டாரச் சொல்லுதேன். இவன் பிடிக்கிறது பூனைக்குத்தான் ஆகும்."

மத்தவன் என்றது சூசையை. மிக்கேல் தரையைப் பார்த்தான். சுவர்ப் பலகையில் ஒரு பித்தளை டம்ளர் பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

பாட்டு வந்தது. கடல் தாண்டி வரும் அலைவரிசை, சத்தம் ஏறும், இறங்கும். குரல்கள் சில இடத்தில் கரைந்து போயின. டிரம் கரையாமல் நின்றது. வலது கை. இடது கை. முதலில் அவள் கை மீனை அறுத்துக்கொண்டேதான் இருந்தது. பிறகு நின்றது. அறுத்த மீன் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் தொங்கியது. பாட்டு முடியும்வரை அவள் அசையவில்லை. அறிவிப்பாளன் ஏதோ பேச ஆரம்பித்தான்.

"அதை அமத்து."

மிக்கேல் அணைத்தான்.

"இது உங்கப்பன் அடி."

"நான்தான்மா அடிச்சேன்."

"தெரியுது. உனக்கு இடது கை உங்கப்பனை விடக் கனம்." அதே குரலில் கேட்டாள். "பெட்டி எங்கலே?"

மிக்கேல் சுவரில் சாய்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏளா. பாட்டுப் பாடுறப்ப அந்தச் சின்ன அடி கேக்காது. தெருவுல கூட, பெட்டிக்குப் பக்கத்துல போறவளுக்குத்தான் கேக்கும். நானே ரெண்டு மூணு தரம்தான் கேட்டிருக்கேன். இதுல எப்படிக் கேக்கு? நீ பண்ணுனியா?"

"ஆமாம்மா."

"கேக்காம விட்டிருக்கலாம்ளா."

மிக்கேல் கேட்டதைச் செய்தேன், அவன் அடித்ததை அப்படியே அனுப்பினேன், சரி. ஆனால் அந்தத் தாய் சொன்னதும் சரி. ஒன்றைக் கேட்க வைத்தால் அது யாரோ ஒருவர் மேல் போய் விழும். பஞ்ச் என்று சொல்லி அந்தப் பட்டனை அழுத்தும்போது உங்களில் யாருக்கும் இது தெரியவில்லை என்பதுதான் என் கோபம்.

பிறகு பூசை வைத்தார்கள், அவள் கறுப்புச் சேலை கட்டினாள் என்பதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டது. அன்று அவள் கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு வந்து பலகையிலிருந்து அந்த டம்ளரை எடுத்தாள். முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். உள்ளே போய் அதில் காப்பி ஊற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். மிக்கேல் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"குடிளா. ஆறிப் போகும்" என்றாள்.

குடித்தேன். கருப்பட்டி போட மறந்திருந்தாள். நான் கேட்கவில்லை.